பீதருக்கு வேன் விடும் அண்ணன்மார்களுக்கு

வணக்கம். மந்திராலயம், கானகாபூர், வட கர்நாடகத்துப் பீதர் என்று ஆட்களைக் கூட்டிப்போகிறீர்கள். பீதரில் மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நானும் அப்படி ஒரு வேனில் போனவன்தான். ஜர்ணி நரசிம்மர் குகையில் மார்பளவுத் தண்ணீரில் நடந்து தரிசனம், குருநானக் ஜீரா குருத்வாராவில் சாப்பாடு. குறையே இல்லை. பக்கத்து அஷ்டூரில், ஒரு காலத்தில் தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தான்களின் கல்லறைகள் இருக்கின்றனவே, போவோமா என்று கேட்டேன். "அது வெறும் சமாதி சார். போனா எல்லாரும் மறுபடி தலைக்குக் குளிக்கணும்" என்றார் கூட்டிவந்தவர். ஆட்டோ பிடித்து நான் மட்டும் போனேன்.

நாகூரில் மொட்டை போட்டுக்கொள்கிறோம். சித்தர் ஜீவசமாதியில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி உட்கார்ந்துவிட்டு வருகிறோம். அங்கெல்லாம் ஒட்டாத தீட்டு அஷ்டூரில் மட்டும் ஒட்டுமா?

அங்கே முதலாம் அகமது ஷா இருக்கிறார். குல்பர்காவிலிருந்து தலைநகரைப் பீதருக்கு மாற்றியவர், 1436இல் இறந்தார். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை, அப்படி ஒரு இருட்டு. காவலுக்கு இருந்த பெரியவர் வாசலில் நின்று, முகம் பார்க்கிற கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். வட்டமாக ஒரு வெளிச்சம் சுவரில் ஏறி, மேலே கூரைக்குப் போனது. குங்குமச் சிவப்பு, நடுவே பொன் எழுத்துகள், சுற்றிலும் கொடியும் பூவும். அவர் கையை அசைக்க அசைக்க வேறு வேறு துண்டு தெரிந்தது. அறுநூறு வருஷத்துச் சாயம்! எழுத்தெல்லாம் அரபியும் பாரசீகமும், எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் பயணிகளுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. இந்த சுல்தானை, சிவனைக் கும்பிடும் லிங்காயத்துகள் தங்கள் ஞானியான அல்லமப் பிரபுவின் அம்சமாகவே கும்பிடுகிறார்கள். ஹோலிக்குப் பிறகு வரும் ஜாத்திரையில் மடியால் ஊரிலிருந்து ஜங்கமர், அதாவது லிங்காயத்து குரு, ஒருவர் வந்து முன்நிற்கிறார். தேங்காயும் உடைபடுகிறது, ஃபாத்திஹாவும் ஓதப்படுகிறது. கன்னட ஜனங்கள் யாரும் இதற்காகத் தலைக்குக் குளித்ததாகத் தெரியவில்லை.

பக்கத்திலேயே ஹுமாயூன் கல்லறை. டெல்லிக்காரர் இல்லை, கொடுங்கோலன் என்று பெயரெடுத்த பாமினி ஹுமாயூன், 1461இல் போனவர். இடி விழுந்து குவிமாடம் பாதி பிளந்து நிற்கிறது. செய்த பாவம் என்பார்கள். எனக்கு அதைவிட, வெட்டிவைத்த பலாப்பழம் மாதிரி அந்தக் குவிமாடத்தின் கனம் வெளியே தெரிவதுதான் அதிசயமாக இருந்தது.

சரி, நடைமுறைக்கு வருவோம். செருப்பை வாசலில் விடச் சொல்லுங்கள். ஓவியத்தில் யாரும் கை வைக்க வேண்டாம், ஃப்ளாஷும் வேண்டாம். பெரியவருக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள். அவருடைய கண்ணாடிக்கு நல்ல வெயில் வேண்டும், அதனால் சாயங்காலம் வரை தள்ளாதீர்கள். முதலில் அஷ்டூர், அப்புறம் நரசிம்மர் குகை என்று வைத்துக்கொண்டால் குளிக்கிற பிரச்சினையும் தீர்ந்தது.