மின்வேலி இரைச்சலுக்கு மெஷினை மாற்றுவது மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்வேலி பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால், வேலி போட்ட பலருக்கும் அக்கம்பக்கத்தாரோடு மனத்தாங்கலை உண்டாக்குகிற ஒரு தொல்லையை, அதாவது ரேடியோவிலும் தொலைபேசியிலும் விழும் இரைச்சலை, அது தொடவே இல்லை.

என் வேலியை ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து பக்கத்து வீட்டு ரேடியோவிலும் தரைவழித் தொலைபேசியிலும் விநாடிக்கொரு ‘டக்’ கேட்டது. வேலிக் கம்பிக்கு மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் மெஷினில்தான் கோளாறு என்று வேலை தெரிந்த ஒருவர் சொன்னதை நம்பிப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் ஓடினாலும், ஒழுங்காகப் போட்ட வேலி ரேடியோவை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பதும், அந்த மின்சாரம் எங்கோ ஒரு சிறு இடைவெளியைத் தாண்டிப் பொறியாகத் தெறிக்கும்போதுதான் இரைச்சல் பிறக்கிறது என்பதும் எனக்குப் பிறகே விளங்கின. மாடுகளைத் தடுக்க வேண்டிய அதிர்ச்சியும் அந்த இடத்தில்தான் வீணாகிறது.

இரைச்சல் வேலியால்தானா என்பது மெஷினை நிறுத்தினாலே தெரிந்துவிடும். அடுத்து, வேலிக் கம்பியைக் கழற்றிவிட்டு மெஷினை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது சத்தம் நின்றுவிட்டால் குற்றம் வெளியேதான் இருக்கிறது. அதன் பிறகு, பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ ஒன்றை மத்திய அலையில் (ஏ.எம்.) நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் வைத்துக்கொண்டு, கம்பியைத் தொடாமல் வேலியோரமாக நடந்தால், சத்தம் ஓங்குகிற இடமே பொறி தெறிக்கிற இடம். (எஃப்.எம். இதற்கு உதவாது.) நான் நன்றாக இருட்டிய பிறகு நடந்தேன். மூலைக் கம்பத்தில், கம்பியிலிருந்து மின்சாரம் கம்பத்துக்குப் போகாமல் தடுத்துத் தாங்கும் இன்சுலேட்டர் ஒன்றில், பகலில் கண்ணுக்கே படாத மயிரிழை விரிசலுக்குள், கடுகளவு நீலப் பொறி ஒவ்வொரு துடிப்புக்கும் மின்னி மறைந்தது. இன்னோரிடத்தில், முறுக்கிக் கட்டிய கம்பி முடிச்சு துருவேறித் தளர்ந்திருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு இன்சுலேட்டரை மாற்றி, முடிச்சுக்குப் பதில் கிளாம்பு போட்டு இறுக்கியதும் ரேடியோ அடங்கியது. கம்பியை உரசும் செடிகொடிகளும், கேட்டுக்கு அடியில் புதைத்த சாதாரண வீட்டு வயரும் இப்படியே கசிய விடும்; அந்த வயரின் உறை சில நூறு வோல்ட்டுக்கே செய்யப்பட்டது, மண்ணுக்குள் நடக்கும் கசிவு கண்ணுக்கும் தெரியாது.

ஆனாலும் தொலைபேசியில் சத்தம் நிற்கவில்லை. வேலியின் எர்த் கம்பியை வீட்டு எர்த்துக்குப் பக்கத்திலேயே நான் அடித்திருந்ததால், வேலியிலிருந்து மண் வழியாகத் திரும்பும் மின்துடிப்பு தொலைபேசி இணைப்புக்குள்ளும் புகுந்துகொண்டிருந்தது. வேறு எந்த எர்த்திலிருந்தும் 10 மீட்டருக்குக் குறையாத தொலைவில், ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்து, 3 எர்த் கம்பிகளை ஆழமாக அடித்து இணைத்த பின்புதான் பக்கத்து வீட்டார் நிம்மதியாகப் பேச முடிந்தது. வேலி தொலைபேசிக் கம்பிக்கு இணையாக நெடுந்தூரம் ஓடினாலும் இதே தொல்லை வரும். அதற்கு இரண்டையும் விலக்குவதைத் தவிர நல்ல வழியில்லை.

எர்த் அமைப்பது பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அடுத்த பகுதியில் அதைப் படத்துடன் விரிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்