மார்க்கமில் காடு வெட்டியவர்

மார்க்கம், கனடா

அன்புள்ள அம்மப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் அம்மம்மாவும் சுகமாயிருக்க மண்டூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

"அங்கயும் காடு வெட்டித்தான் குடியேறினவங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊரைத் தொடக்கியவர் வில்லியம் பெர்சி என்ற ஜேர்மன்காரர். தொழில் என்ன தெரியுமா, படம் வரைவது! 1794 இல், நியூயோர்க் பக்கம் காணிப் பிணக்கில் மாட்டியிருந்த 64 ஜேர்மன் குடும்பங்களை இங்கே கூட்டி வந்தார். அப்போது இந்தப் பகுதியை ஆண்ட கவர்னர் சிம்கோ 64,000 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு ரொறன்ரோவிலிருந்து வடக்கே போகும் யங் வீதியை வெட்டித் தரவேண்டும்.

உங்களுக்காவது கல்லோயாக் குடியேற்றத்தில், இங்கினியாகலையில் அணை கட்டி, புல்டோசர் விட்டுக் காட்டைத் தள்ளி, 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் வீடும் தந்தார்கள். இவர்களுக்குக் கோடரிதான். இந்தக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கவே எனக்குக் கை விறைக்கிறது, அவர்கள் மரம் வெட்டியிருக்கிறார்கள். பசியும் நோயும் வந்து சிலர் விட்டுவிட்டே போய்விட்டார்கள். பெர்சி மா அரைக்கும் ஆலையும் மர ஆலையும் கட்டினார். அந்த இடத்துக்கு இன்றைக்கும் ஜேர்மன் மில்ஸ் என்றுதான் பெயர்.

சிம்கோ ஊர் திரும்பியதும், பின்னால் வந்தவர்கள் வாக்கை மாற்றிவிட்டார்கள். வந்த சனத்தில் பலர் நிலைத்துவிட்டார்கள், கூட்டி வந்தவருக்குக் கடன்தான் மிச்சம். மொன்றியலில் படம் வரைந்து பிழைத்து, 1813 இல் நியூயோர்க்கில் செத்துப்போனார். வயல் முதலாளி போடியாரை நீங்கள் திட்டும் அந்தச் சொல்தான், வாக்கு மாற்றியவர்களை நினைக்க எனக்கும் வாயில் வந்தது. அவர் வரைந்த படங்கள் இப்போது ஒட்டாவாவில் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கின்றன. இங்கே ஒரு குடியிருப்புக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். காணி மட்டும் கொடுக்கவில்லை.

இன்னொன்று. இதுவும் வெறுங்காடு இல்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான வெண்டாட் மக்கள் சோளம் விதைத்துக் குடியிருந்த இடம். கல்லோயாக் காட்டில் வேடர் இருந்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். இங்கே அதைச் சொல்ல ஒரு கிழவரும் இல்லை, நானே தேடி வாசித்தேன்.

நம்மட சனம் இப்போது இங்கே நிறைய. வன்னி என்ற பெயரிலேயே ஒரு தெரு இருக்கிறது. நம்மட படுவான்கரைப் பெயரில் ஒன்று எப்போது வைப்பார்களோ!

வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்களா? யானை இந்த முறையும் வயல் வட்டைக்குள் இறங்கினதாக மாமா சொன்னார். இரவுக் காவலுக்கு நீங்கள் போகவேண்டாம், கூலிக்கு ஆள் பிடியுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு அனுப்பியிருக்கிறேன்.

அன்புப் பேத்தி