அந்த ஆணையின் நகல் கான்ஸ்டபிள்களுக்கும் வேண்டும்

மாண்புமிகு மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தாராவியில் மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். மும்பையின் முன்னாள் காவல் ஆணையர் பரம்பீர் சிங் விவகாரத்தை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோப்புகளெல்லாம் உங்கள் துறையில்தான் இருக்கின்றன. 2023 மே மாதம் பிறந்த ஆணையைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

பரம்பீர் சிங் மீதான துறை விசாரணை அந்த ஆணையோடு முடிந்தது. 2021 டிசம்பரில் விதித்த பணியிடை நீக்கம் ரத்தானது. 2022 ஜூனில் ஓய்வு பெறும் வரை அவர் பணியிடை நீக்கத்தில் இருந்த நாள்களெல்லாம் பணிக்காலமாகிவிட்டன. விசாரணையே தவறு என்று, அரசு ஊழியர்களின் பணி வழக்குகளைப் பார்க்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது என்றீர்கள். சரி, தவறு நடந்திருந்தால் திருத்துவதுதான் முறை. அந்த முறை எந்தப் பதவிக்குக் கீழே செல்லாமல் போகிறது என்பதுதான் என் கேள்வி.

எனக்குத் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் பணியிடை நீக்கத்தில் இருக்கிறார். எந்த ஊர், எந்த நிலையம் என்று எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குத்தான் இன்னொரு விசாரணை வரும். கையில் கிடைப்பது, சம்பளத்தில் ஒரு பகுதியான பிழைப்பூதியம். வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்று மாதாமாதம் எழுதிக் கொடுத்தால்தான் அதுவும் வரும். அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. தாயாரின் ஈமச்சடங்குக்குப் போகக்கூட மனு எழுதினார். அனுமதி வந்தபோது பதினாறாம் நாளும் கழிந்திருந்தது. என்ன குற்றம் என்று எழுத்தில் சொல்லும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை மூன்று மாதத்துக்குள் தரப்படாவிட்டால் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இலேயே சொல்லிவிட்டது. அவருக்கு அந்தக் குறிப்பாணை இன்னும் வரவில்லை. இரண்டாம் தீபாவளியும் போய்விட்டது.

திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தெரியாத துறையா உங்களுடையது? கவாஜா யூனுஸ் காவல் மரண வழக்கில் 2004இல் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட மும்பை போலீஸ் அதிகாரி சச்சின் வாசே, கொரோனா காலத்தில் ஆள் பற்றாக்குறை என்று 2020இல் மீண்டும் சீருடை அணிந்தார். அதை முடிவு செய்த குழுவின் தலைவர் அன்றைய ஆணையர் பரம்பீர் சிங்தான். மறு ஆண்டு மார்ச்சிலேயே, அம்பானி வீட்டருகே வெடிபொருளோடு கார் நிறுத்தப்பட்ட வழக்கில் வாசே கைதானார். ஆணையரோ அதே ஆண்டு நவம்பரில் பணப்பறிப்பு வழக்கில் தலைமறைவானவராக அறிவிக்கப்பட்டார். மும்பை போலீஸால் ஆபத்து, அதனால்தான் ஒளிந்திருக்கிறார் என்று அவருடைய வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். அவரே தலைமை தாங்கிய போலீஸ் அது! நாங்கள் அந்தப் போலீஸை நம்பித்தான் ராத்திரி கதவைச் சாத்துகிறோம்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது இவ்வளவுதான். குறிப்பாணை தராமல் மூன்று மாதத்துக்கு மேல் கான்ஸ்டபிள்களை வீட்டில் உட்கார வைத்திருக்கும் கோப்புகளைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். குற்றம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால், ஆணையருக்குக் காட்டிய அதே தயவைக் காட்டி, அந்த நாள்களையும் பணிக்காலமாக எழுதுங்கள். புதிய சட்டம் எதுவும் வேண்டாம். 2023ஆம் ஆண்டு ஆணையின் வாசகமே போதும்; பெயரையும் பதவியையும் மட்டும் மாற்றினால் சரி.

பணிவுடன்,
தாராவிவாசி ஒருவன்