விளையாட்டு பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். போன ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போனேன். படித்துறையில் பாசி வழுக்குமோ என்று பயந்து, தண்ணீரில் கால் நனைக்கும்வரை என் கையை விடவே இல்லை. அந்த வயதில் நாங்கள் அதே ஆற்றில் நீச்சலடித்தவர்கள்.

அவளுக்கு வாரம் இரண்டு விளையாட்டு பீரியட் உண்டு, டைம்டேபிளில். பரீட்சை நெருங்கினால் ஒன்று கணக்குக்கும் மற்றது அறிவியலுக்கும் போய்விடுகிறது. ஓவிய வகுப்பும் அப்படியே. ஆசிரியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மார்க் குறைந்தால் வீட்டார் நாமும் அவர்களைத்தானே கேட்கிறோம்!

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29-ஆம் பிரிவில், குழந்தையின் முழுமையான வளர்ச்சியைப் பாடத்திட்டம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. உடல் திறன், மனத் திறன் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

பத்தமடை பக்கத்தில்தான் இருக்கிறது. கோரைப்புல்லில் பாய் நெய்வதைப் பிள்ளைகள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும், தொட்டுப் பழகட்டும். விளையாட்டு, ஓவிய வகுப்புகளை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று மாவட்டக் கல்வித் துறை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

– ஒரு தாத்தா, பாளையங்கோட்டை