கதவு நிலையில் ஓர் எண்

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? நீ கதைத்து இருபத்துமூன்று நாளாகிறது. நாளை எண்ணுவது அம்மா, நான் இல்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பதவி உயர்வை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். பெரியம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். யாழ்ப்பாணத்து வசாவிளானில் வெங்காயம் கிண்டியவனின் மகன் லண்டனில் முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறான் என்றால் சும்மாவா? ஆனால் அந்தப் படத்தை நீ அனுப்பாமல் இருந்திருக்கலாம். இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் மேற்குக் கரையில், இஸ்ரேலியக் குடியேற்றத்தில், உங்கள் நிறுவனம் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் வீடு. மாடியில் நின்றால் ஒலிவ மரங்கள். அவை யாருடைய மரங்கள் என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன்.

2020 பெப்ரவரியில் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் அந்தக் குடியேற்றங்களோடு தொழில் தொடர்புள்ள 112 நிறுவனங்களின் பெயரை வெளியிட்டது. உங்களுடையது அதில் உண்டா என்று கேட்கமாட்டேன். இணையத்தில் வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏர்பிஎன்பி 2018 நவம்பரில் அங்குள்ள சுமார் 200 வீடுகளைத் தன் பட்டியலிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. வழக்குகள் வந்ததும் அடுத்த ஏப்ரலில் பின்வாங்கி, வரும் இலாபத்தைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்கிறோம் என்றது. பிறத்தியார் காணியில் வாடகை வாங்கித் தருமம்! எதிலும் கையெழுத்துப் போடுமுன் வாசித்துப் பார், தம்பி.

நம் காணி உறுதி டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. 1990 ஜூனில் அம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்தது. காணிதான் இன்னும் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. யுத்தம் முடிந்தபின் இராணுவத் தோட்டத்து மரக்கறி சந்தைக்கு வந்தது. ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்தேன், செம்மண் ஒட்டியிருந்தது. நம் வளவு மண்ணோ யார் வளவு மண்ணோ. "மலிவு ஐயா" என்றான் விற்றவன். வாங்காமல் வந்தேன். அந்தப் பெருமையை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

கிழங்கை வாங்கவில்லை. வீட்டு முன்கதவை வாங்கினேன்.

நிலையில் பெயின்டுக்கு அடியில் தெரியும் 786 என்னவென்று சின்ன வயதில் கேட்டாய். ஆசாரி போட்ட அளவு என்றேன். அது முஸ்லிம்கள் 'பிஸ்மில்லா'வுக்குப் பதிலாக எழுதும் எண்; யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் இருந்த சோனகதெரு வீடொன்றின் நிலை. 1990 ஒக்டோபரில் புலிகள் அந்தச் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றினார்கள். மறுவருடம் அந்த வீடுகளின் கதவும் நிலையும் கூரை ஓடும் விலைக்கு வந்தன. நாமும் அகதி, கிடுகுக் கொட்டிலில் நனைந்துகொண்டு இருந்தோம். காசு கொடுத்தேன், பற்றுச்சீட்டு வாங்கினேன். களவு இல்லைத்தானே என்று நினைத்தேன். யாருடையது என்று கேட்கவில்லை. மூன்று தரம் பெயின்ட் அடித்துவிட்டேன். வைகாசி வெயிலுக்கு எண் மறுபடி எழுந்துவிடுகிறது.

அவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். இரண்டு தரம் சைக்கிளில் அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். நிலையைக் கழற்ற எவ்வளவு என்று ஆசாரியிடம் கேட்டால், சுவர் பிளக்கும் என்கிறான். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மிளகாய்த்தூள் அனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை எடு. அந்த மரங்களைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்றால் கதைக்கவில்லை. காதை மூடிக்கொண்டு போ.

அப்பா