கழுத்தில் நெறி கட்டினால் தொண்டையைத் தேடு

அன்பு மகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஒருவருக்குக் குரல்நாணில் புற்று, மாதக்கணக்கில் குரல் கம்மிக் கிடந்தும் கழுத்து சுத்தமாக இருக்கிறது. இன்னொருவருக்கு டான்சிலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத புள்ளிதான், கழுத்திலோ எலுமிச்சை அளவுக் கட்டி. ஏன் இப்படி என்றாய். துறைக்குள் நுழைந்த முதல் வருடமே இது உனக்கு உறுத்தியதில் எனக்கு அத்தனை சந்தோஷம். பொறுமையாகப் படி.

புற்று எவ்வளவு பெரியது என்பதை விட, அது முளைத்த இடத்தில் நிணநீர்க் குழாய்கள் எவ்வளவு அடர்த்தி என்பதுதான் கணக்கு. குரல்நாணின் விளிம்பில் அந்த நுண்குழாய்கள் மிகச் சொற்பம். அதனால் நாணோடு நிற்கிற ஆரம்பக் கட்டப் புற்று நூற்றில் ஐந்து பேருக்குக்கூடக் கழுத்துக்குப் போவதில்லை. சிறு தடிப்பு வந்தாலே குரல் மாறிவிடும் என்பதால் சீக்கிரம் ஆளைக் காட்டியும் கொடுத்துவிடும். ஒரு சென்டிமீட்டர் மேலே போ, விழுங்கும்போது குரல்வளையை மூடும் எபிகிளாட்டிஸ் பக்கம்: அங்கே நிணநீர் வலை நெருக்கமானது, நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் வடிவது. நாக்கின் அடியும் (தொண்டைக்குள் இருக்கும் பின்பகுதி) அப்படியே. இந்த இரண்டு இடத்துப் புற்றுக்கும் ஒரு பக்கக் கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதே.

எல்லாவற்றிலும் மோசமானது பைரிஃபார்ம் சைனஸ். குரல்வளைக்குப் பக்கவாட்டில் இருக்கும் வெறும் பள்ளம் அது; கட்டி அங்கே வெகுநாள் வளர்ந்தாலும் குரல் மாறாது, விழுங்குவதும் தடைபடாது. நிணநீர் வலையோ அடர்த்தி. அங்கே புற்று வந்து நம்மிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் நாளே கழுத்தில் நிணநீர்க் கணு (நெறி கட்டுவது இதில்தான்) வீங்கியிருக்கும். ஒரு பக்கக் காதுவலி, காதைப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றால் இந்தப் பள்ளத்தையும் நாக்கின் அடியையும் எண்டோஸ்கோப்பில் பார்க்காமல் விடாதே. தொண்டைக்கும் காதுக்கும் ஒன்பதாம், பத்தாம் நரம்புகள் பொது.

செல் உள்ளே நுழைவது எப்படி? ரத்த நாளத்தின் சுவரைப் போல நிணநீர் நுண்குழாய்க்கு முழுமையான அடித்தளச் சவ்வு கிடையாது. அதன் சுவர்ச் செல்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். வெளியே அழுத்தம் கூடினால் இடுக்கு உள்பக்கமாகத் திறக்கும். புற்றிலிருந்து கழன்ற செல் அதன் வழியே நழுவி, ஓட்டத்தோடு போய், கணுவின் மேலுறைக்குச் சற்றே உள்ளே இருக்கும் சந்தில் முதலில் தங்குகிறது. அங்கே பெருகும்போது அவரை விதை வடிவக் கணு உருண்டையாகிறது, கெட்டிப்படுகிறது, அல்ட்ராசவுண்டில் நடுவே வெள்ளையாகத் தெரிய வேண்டிய கொழுப்பு காணாமல் போகிறது. பிறகு உள்ளே அழுகும். கடைசியாக உறையைக் கிழித்துக்கொண்டு வெளியேறி காதின் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் ஸ்டெர்னோமாஸ்டாய்டு தசையையோ கழுத்துச் சிரையையோ பற்றிக்கொள்ளும். கணுவில் புற்று இருந்தாலே பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பாடத்தில் படித்திருப்பாய். உறை கிழிந்திருந்தால் இன்னும் குறையும். அதனால் பயாப்சி ரிப்போர்ட்டில் எத்தனை கணு என்பதோடு, உறை தாண்டியிருக்கிறதா என்ற வரியையும் தேடிப் படி.

உடம்பில் உள்ள கணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழுத்தில்தான். கழுத்துக் கணுக்களை இடவாரியாகப் பிரிக்கும் லெவல் எண்களை மனப்பாடம் செய்வதை விட எலும்பை வைத்துப் பழகு. மண்டையோட்டின் அடியிலிருந்து தாடைக்குக் கீழே உள்ள ஹயாய்டு எலும்பு வரை 2, அங்கிருந்து குரல்வளையின் அடியில் இருக்கும் கிரிக்காய்டு குருத்தெலும்பின் கீழ் விளிம்பு வரை 3, அதற்குக் கீழே காறை எலும்பு வரை 4. டான்சிலும் நாக்கின் அடியும் முதலில் 2-க்கு அனுப்பும்; குரல்வளையும் பைரிஃபார்மும் 2, 3, 4-க்கு. குரல்நாணுக்குக் கீழே இறங்கிய புற்று மூச்சுக்குழாயை ஒட்டிய 6-க்குப் போகும். அதை விரலால் தடவிக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஸ்கேனில் தேடு. பின்கழுத்து முக்கோணமான 5-இல் கட்டி என்றால் மூக்கின் பின்புறத்தை உடனே பார். காறை எலும்புக்குச் சற்று மேலே மட்டும் கட்டி என்றால் தொண்டையை விட நுரையீரலையும் வயிற்றையும் சந்தேகி. ஏற்கெனவே அறுவையோ கதிர்வீச்சோ வாங்கிய கழுத்தில் இந்த வரைபடத்தை நம்பாதே. வழி அடைபட்ட நிணநீர் வேறு திசையில், சில நேரம் எதிர்ப்பக்கம் போய்விடும்.

தடவுவதற்கு நோயாளியின் பின்னால் நின்றுகொள். தலையைக் கொஞ்சம் குனியவைத்து, எந்தப் பக்கம் பார்க்கிறாயோ அந்தப் பக்கமே சாய்த்துவிடு; தசை தளர்ந்தால்தான் அதன் அடியில் இருப்பது கைக்கு வரும். விரல் நுனி வேண்டாம், விரலின் சதைப்பகுதி போதும். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே ஸ்டெர்னோமாஸ்டாய்டைப் பிடித்து, மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே வா. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு பக்கக் கரோட்டிட் தமனியையும் ஒரே நேரத்தில் அழுத்திவிடாதே. புதியவர்கள் கணு என்று ஏமாறுவது மூன்றில்: ஹயாய்டின் கொம்பு, கரோட்டிட் கிளை பிரிகிற இடத்து வீக்கம், வயதானவர்களுக்குத் தொங்கிப்போன உமிழ்நீர்ச் சுரப்பி.

இப்போது நான் அடித்துச் சொல்ல வேண்டியது. பெரியவர்களுக்குக் கழுத்தில் வலியில்லாத கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால், ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்து நாள் கடத்தாதே. அதே போல, எடுத்துப் பார்த்துவிடலாம் என்று கணுவை நேராக வெட்டியும் எடுக்காதே. உறை உடைந்தால் புற்று சிந்தும். பின்னால் முறையான அறுவைக்கு வருபவர் தழும்புக்குள் தளம் தெரியாமல் திணறுவார். முதலில் எண்டோஸ்கோப்பி, அடுத்து அல்ட்ராசவுண்டின் துணையோடு மெல்லிய ஊசிப் பரிசோதனை. நீ சொன்ன டான்சில் நோயாளி போன்றவர்களிடம் இன்னொரு கண்ணி இருக்கிறது. எச்.பி.வி. வைரஸால் வரும் புற்றின் கணு உள்ளே நீர் கட்டி மெத்தென்றிருக்கும். ஊசியில் வெறும் நீர் மட்டும் வரும். பிறவி நீர்க்கட்டி என்று அனுப்பிவிடுவார்கள். நாற்பது தாண்டியவருக்குப் புதிதாக வந்த நீர்க்கட்டியைப் புற்று இல்லை என்று நிரூபிக்கும் வரை புற்றாகவே நினை. சுவரின் கெட்டியான பகுதியில் ஊசியை மறுபடி போடச் சொல், எச்.பி.வி. புற்றைக் காட்டிக்கொடுக்கும் பி16 சாயமும் கேள்.

முதல் புற்றிலிருந்து துண்டு எடுக்கும் முன்பே ஸ்கேனை முடித்துவிடு; வெட்டிய இடத்து வீக்கம் படத்தைக் குழப்பும். கட்டத்தை எழுதும்போது எச்.பி.வி. புற்றையும் மற்றதையும் ஒரே அளவுகோலில் அளக்காதே. மற்றவற்றில் ஒரே பக்கம் ஒரே கணு, 3 சென்டிமீட்டருக்குள், உறை தாண்டாதது மட்டும்தான் என்1, அதாவது கணுப் பரவலின் முதல் படி. எச்.பி.வி. டான்சில் புற்றில் அதே பக்கத்துக் கணுக்கள் 6 சென்டிமீட்டர் வரை இருந்தாலும் ஸ்கேன் கணக்கில் என்1தான். சிகிச்சைக்கு அது அவ்வளவு நன்றாகக் கட்டுப்படும். அந்த நோயாளியிடம் இதைச் சொல், கட்டியின் அளவைப் பார்த்தே பாதி உயிர் போயிருக்கும்.

கையில் ஒன்றும் தட்டாத கழுத்திலும், ஒளிந்த புற்றுக்கு நூற்றில் 15 முதல் 20 பேருக்கு மேல் வாய்ப்பு உண்டென்றால் கழுத்துக்கும் சேர்த்தே சிகிச்சை. அறுவையில் உறை தாண்டியது தெரிந்தால், உடல்நிலை தாங்குமானால், கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்தும் சேரும். கதிர்வீச்சும் மருந்தும் மட்டும் கொடுத்தவருக்குப் பெட் ஸ்கேனை 12 வாரத்துக்கு முன் எடுக்காதே. ஆறுகிற புண்ணும் புற்றைப் போலவே ஒளிரும்.

அப்போது ஒப்பிட்டுப் பார்க்க முதல் நாள் குறிப்பு வேண்டும். அதனால் நாளைக்கே அந்த இருவரின் கேஸ் ஷீட்டிலும் கழுத்தை ஒரு கோட்டுப்படமாக வரைந்து, எந்தப் பக்கம், எந்த லெவல், எத்தனை சென்டிமீட்டர், அசைகிறதா ஒட்டியிருக்கிறதா என்று எழுதித் தேதி போட்டு வை. குரல்நாண்காரரின் சுத்தமான கழுத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அம்மாடி.

அன்புடன்,
அப்பா