ஒத்திகைக்கு ஒரு தரை: பள்ளி நாடகக் கூடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் நம் அரசு மேல்நிலைப் பள்ளியில், நாடகமும் நிகழ்கலையும் கற்றுக்கொடுக்க ஓர் ஒத்திகைக் கூடம் அமைக்கிறோம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்த குழு இது. மொத்தச் செலவு ரூ.4,10,000. எதற்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று கீழே எழுதியிருக்கிறோம். படித்துப் பார்த்து உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்.

இது ஆண்டு விழா மேடைக்கான வசூல் அல்ல. ஆண்டு விழாவுக்குப் பந்தலும் மைக் செட்டும் வாடகைக்குக் கிடைக்கும். அது ஒருநாள் காரியம். நாடகம் படிப்பது என்றால் வாரம் இரண்டு மாலை, வருஷம் முழுக்க, உடம்பும் குரலும் பழக வேண்டும். அதற்குக் கால் நோகாத தரை, சத்தம் தெறிக்காத சுவர், உடை மாற்ற ஓர் அறை வேண்டும். மூன்றும் இப்போது இல்லை. மைதானத்தில் பழகலாமே என்று சிலர் கேட்டார்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பத்தடிக்கு அப்பால் வசனம் கேட்காது. கேட்க வைக்கப் பிள்ளைகள் கத்துவார்கள், தொண்டை கட்டிக்கொள்ளும்.

நாடகம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கோயில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுகிறார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபையில் பையன்கள்தான் எல்லா வேடமும் கட்டினார்கள். அந்தப் பாலர் கம்பெனிகள் மகரக்கட்டை, அதாவது வளரும் வயதில் குரல் உடைவதைக் கண்டு பயந்தன. குரல் உடைந்த பையனுக்குப் பாடும் வேடம் கைவிட்டுப் போகும். இன்றும் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இதே சிக்கல்தான். குரல் உடையும் மாதங்களில் நாலு கட்டை, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதிக்கு இழுத்துப் பாடினால் தொண்டை புண்ணாகும். அந்தப் பையனைத் தாழ்ந்த சுருதியில் வைத்து, வசனமும் தாளமும் கொடுத்து, ஆறேழு மாதம் பொறுக்க வேண்டும். இதைத் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் ஒரு நல்ல குரல் தப்பிக்கும்.

மூச்சுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு நோட்டை வைத்துக்கொள்ளும். மூச்சை இழுக்கும்போது நோட்டு எழ வேண்டும், நெஞ்சு எழக் கூடாது. பிறகு 'ஸ்ஸ்' என்று ஒரே சீராக 15 எண்ணும்வரை விட வேண்டும். சில வாரங்களில் அது 25க்குப் போகும். காசு செலவில்லாத பயிற்சிதான். ஆனால் மணல் படிந்த சிமென்ட் தரையில் யூனிஃபார்மோடு எந்தப் பிள்ளை படுக்கும்?

ஆகவே முதல் செலவு தரைக்கு. கூடம் 48க்கு 24 அடி, தகரக் கூரை. அதில் 24க்கு 16 அடி மரத்தளம் போடுகிறோம். எட்டுக்கு நாலு பலகை 12 தேவை. 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப் பலகை), அதற்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710 உள்ளதுதான் வாங்குவோம். சாதாரண பிளைவுட் விலை குறைவு. ஆனால் உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது, ஓரம் பிரிந்து இதழ் இதழாக வரும். மரைன் பிளைவுட்டும் வெட்டிய ஓரத்தில்தான் தண்ணீரைக் குடிக்கும். ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பவர்கள் பூசும் ரெசினை ஓரம் முழுக்க இரண்டு கோட் அடித்தால் அந்த வாய் அடைபடும். இந்த வேலை தெரிந்த கை நம் கடற்கரையில் இருக்கிறது, வேறெங்கும் தேட வேண்டாம்.

அடிச்சட்டம் துத்தநாகம் பூசிய இரும்புச் (ஜி.ஐ.) சதுரக் குழாய். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் முடிந்த இடமெல்லாம் ஸ்டெயின்லெஸ் போல்ட். வெல்டிங் தவிர்க்க முடியாத இடத்தில் உடனே துத்தநாக பிரைமர். இரண்டடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம். நாலடிக்கு ஒன்று போட்டால் இரும்பு மிச்சமாகும்; ஆனால் ஒயிலாட்டத்தில் இருபது பேர் ஒரே தாளத்துக்குக் காலை வைக்கும்போது பலகை நடுவில் தொய்ந்து விரிசல் விடும். கால்களுக்கு அடியில் பழைய டயர் ரப்பர் வைத்தால் குதிக்கும் அதிர்ச்சி முழங்காலுக்குப் போகாது. பலகைக்குப் பலகை இரண்டு மில்லிமீட்டர் இடுக்கு விட வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசியில் ஊதி மேலெழும்பிக் கால்விரலைத் தட்டும். பலகைக்கு ரூ.46,000, சட்டம், ரப்பர், கூலிக்கு ரூ.54,000. ஆக ஒரு லட்சம்.

இரண்டாவது, சுவர். வெறும் கூடத்தில் ஒரு தரம் கை தட்டிப் பாருங்கள், சத்தம் சுற்றிச் சுற்றி வரும். அதில் வசனம் பேசினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழும். தெர்மோகோல் ஒட்டச் சொல்வார்கள். அது சத்தத்தை உறிஞ்சாது, தீ மட்டும் சுலபமாகப் பிடிக்கும். கனமான கயிற்றுப் பாயைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, சட்டத்தில் தொங்கவிடப் போகிறோம். பின்னால் இருக்கும் அந்த இடைவெளிதான் பாதி வேலையைச் செய்யும். பாய்களும் விளக்குகளும் ஒன்றையொன்று நெருங்காதபடி இடம் குறித்தாகிவிட்டது. ரூ.38,000.

திரைக்கு ரூ.45,000. தளத்தின் 24 அடி அகலத்தில் இரு பக்கமும் நாலடி மறைவுக்குப் போக, நடிக்கும் அகலம் 16 அடி. முன் திரையின் இரு பாதியும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று விழ இரண்டடி சேர்த்தால் 18 அடி. மடிப்பு விழ அதை இரண்டால் பெருக்க 36 அடி துணி. மடிப்பில்லாத திரை வேட்டி காயப்போட்டது போல் இருக்கும், சத்தத்தையும் உறிஞ்சாது. சாட்டின் வேண்டாம், கனத்த பருத்தித் துணி போதும். இரும்புக் கப்பி துருப்பிடித்தால் திரை பாதியில் நிற்கும் என்பதால் நைலான் கப்பி.

விளக்குக்கு ரூ.72,000. பழைய ஆலசன் விளக்கு 1,000 வாட்; எட்டு போட்டால் சுமார் 35 ஆம்பியர் இழுக்கும், பள்ளி வயரிங் தாங்காது. 200 வாட் எல்.இ.டி. எட்டும் சேர்ந்து 7 ஆம்பியர்தான். எல்லாம் மஞ்சள் கலந்த வெள்ளை. கலர் மாறும் விளக்கு கல்யாண மண்டபத்துக்குச் சரி, அதில் பிள்ளையின் முகபாவம் தெரியாது. நேர் எதிரே வைத்தால் முகம் தட்டையாகும், தலைக்கு மேல் வைத்தால் கண் குழிந்து இருட்டும். முன்பக்க இரு மூலையிலிருந்தும் 45 டிகிரி சாய்வில் நாலு, பக்கத்தில் இரண்டு, முதுகுப் பக்கம் இரண்டு. மின்கசிவில் உயிர் காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இந்தத் தொகையில் அடக்கம். அதில் பேரம் கிடையாது.

மைக் இந்தப் பட்டியலில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டோம். மைக்கைக் கண்ட பிள்ளை அதன் முன் போய் நின்றுகொள்ளும், கை கால் மறந்துபோகும். தளம் போக மீதிக் கூடம் 32 அடி, அதன் கடைசிவரை கேட்கும்படி வயிற்றிலிருந்து பேசப் பழகட்டும்.

ஆர்மோனியம் ரூ.18,000, மிருதங்கம் ரூ.12,000, டோலக் ரூ.6,000, ஜால்ரா, சலங்கை வகையறா ரூ.4,000. கடல் ஈரத்தில் ஆர்மோனிய ரீடில் பச்சை ஏறிச் சுருதி விலகும், மிருதங்கத் தோல் தளரும். மூடி இறுகிய பெட்டியில், சிலிக்கா ஜெல் பையோடு வைப்போம்.

உடை மாற்றும் அறைக்கு ரூ.30,000: உள்தாழ்ப்பாள், கண்ணாடி, விளக்கு, தண்ணீர்க் குழாய். இந்த அறை இல்லாவிட்டால் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகள் நாடகத்துக்கு வருவதில்லை. ஒத்திகை மாலை 5.45க்கு முடிந்துவிடும், கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டாமா?

பயிற்சி தர ஓர் இசை நாடகக் கலைஞர் வருவார். வாரம் இரண்டு நாள், 40 வாரம், நாளுக்கு ரூ.800, ஆக ரூ.64,000. திருவிழா மாதங்களில் அவருக்கு இரவு நாடகம் இருக்கும், அப்போது நாள் மாற்றிக்கொள்வோம். வள்ளியும் நாரதரும் எழுதி வைக்காமல் மேடையிலேயே தொடுத்துப் பேசும் தர்க்கம் இருக்கிறதே, கேள்விக்குப் பதிலை உடனே கட்டிப் பேசப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பதினோராம் வகுப்பில் வேறொரு வேலை: 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை அனுபவித்த முதியவர்களிடம் கேட்டு எழுதி, அந்தப் பேச்சையே வசனமாக்குவது. மீதி ரூ.21,000 பராமரிப்புக்கு. இதைத் தொட்டு வேறெதற்கும் செலவழிக்க மாட்டோம்.

2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் படிக்கலாம். நம் பிள்ளைகள் அந்த வாசலுக்குப் போகும்போது கொஞ்சமாவது பழகிய உடம்போடு போகட்டும்.

பணம் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டுக் கணக்கில் மட்டும் வாங்குகிறோம். எண்ணிட்ட ரசீது கிடைக்கும். மாணவர் கையில் ரொக்கம் கொடுக்க வேண்டாம். ஒரு பலகை விலை சுமார் ரூ.3,850, ஒரு பலகை, ஒரு நாள் பயிற்சி என்று பிரித்தும் ஏற்கலாம். பொருளாகவும் தரலாம்: ரெசின், பருத்தித் துணி, டயர் ரப்பர், தையல் கூலி, வெல்டிங் கூலி. பழைய ஸ்பீக்கரும் பட்டுப்புடவையும் இப்போது வேண்டாம், வைக்க இடமில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் ஒரு ரூபாய்கூடக் கேட்கப் போவதில்லை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருக்கும் நம் ஊர் உறவுகள் அந்தப் பங்கைச் சேர்த்துத் தூக்கிவிடுங்கள். சுவரும் வயரிங்கும் மே விடுமுறையில் முடியும். தடைக்காலத்தில் படகு மராமத்தில் இருக்கும் தச்சர்களும் ரெசின் வேலைக்காரர்களும் ஜூன் 15க்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் தளத்தின் ஓரங்கள் பூசிக் காய்ந்திருக்க வேண்டும், ஆகவே பலகைப் பணம் ஜூன் முதல் வாரத்துக்குள் எங்கள் கணக்குக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஒத்திகைக் கூடக் குழுவினர்